மூன்று வெளிச்சங்களும் ஒரு பிராதும்

மணவாளநல்லூர் கோயில் வாசலில், வேப்பமரத்தடியில், கொளஞ்சி என் முன்னால் ஒரு முழு வெள்ளைத்தாளை விரித்தான். காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலையில் தேங்காயை வைத்தான்.

"எழுதுப்பா கிளார்க்கு. உன் கையெழுத்துன்னாதான் சாமி கண்ணாடி போடாம படிக்கும்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவன் முகத்தில் சிரிப்பில்லை. மூன்று நாளாக மழிக்காத தாடி, கண்ணுக்குக் கீழே கரி. அவன் மனைவி அஞ்சலை சற்றுத் தள்ளிப் படியில் உட்கார்ந்து, மடியில் கைக்குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்குப் பிராது என்றால் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை வாயால் சொல்லி அழுதால் மட்டும் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். பேர், தகப்பன் பேர், ஊர், கோயிலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், குறை இன்னது என்று எல்லாம் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். முனியப்பர் நேரில் புறப்பட்டுப் போய் விசாரிப்பார் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்ததும் சும்மா இருந்துவிட முடியாது. திரும்ப வந்து ராஜினாமா எழுதிக் கட்டி, பிராதை முடித்துக்கொள்ள வேண்டும்.

கோழி காணாமல் போனதற்குப் பிராது கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வரப்புத் தகராறுக்கு, வீட்டுக்கு வராத மருமகனுக்கு, வாங்கிப்போன ஏர்க்கலப்பையைத் திருப்பித் தராத பங்காளிக்கு. வானத்தில் தெரிந்த வெளிச்சத்துக்காகப் பிராது கட்டியது எனக்குத் தெரிந்து கொளஞ்சி ஒருத்தன்தான்.

அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேர் கொளஞ்சி. தொழில், சூளையில் நெருப்புப் போடுவது. தூரம் இரண்டு மைல்.

"இப்ப எழுது. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. வானத்துல வெளிச்சம் வந்துது. அத என்னைத் தவிர இன்னொருத்தனும் பாத்திருக்கான். அவன் வந்து மேனேஜருகிட்ட ஒரு வார்த்தை சொன்னான்னா என் வேலை நிக்கும். அவனை வாயத் தொறக்க வையி சாமி."

என் பேனா நின்றுவிட்டது. அந்த இன்னொருத்தன் நான்தான்.

ஸ்டூலை எரித்தவன்

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்பார்கள். அறுபதுகளில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே தெரியும். எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு புகைபோக்கி நிற்கும். களிமண் சட்டையில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்க, ஆட்கள் டீக்கடையில் நிற்பார்கள். சாசரில் ஊற்றிக் குடித்து முடித்ததும் அதைத் திருப்பி அடியைப் பார்ப்பது எங்கள் ஊர்க்காரன் பழக்கம். யார் கம்பெனிச் சரக்கு, சரியாக வெந்ததா வேகாததா என்று பார்ப்பான். சம்பந்தி வீட்டில்கூட நான் அப்படிச் செய்து என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த கம்பெனியின் பேரைச் சொல்லப் போவதில்லை. அதுவும் போய்விட்டது, முதலாளியும் போய்விட்டார். கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி செய்கிற சின்ன இடம். டைம் ஆபீசில் கிளார்க் நான். வருகிறவன் போகிறவன் நேரத்தைக் குறிப்பது, மேனேஜர் சொல்வதைக் கடுதாசியாக எழுதுவது. இரண்டு வருடமாகத் தற்காலிகம். சித்திரையில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சித்திரையை நம்பி எனக்குப் பெண்ணும் பார்த்துவிட்டிருந்தார்கள்.

கொளஞ்சிக்கு என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். எங்கள் சூளைக்கு எட்டு வாய், எட்டிலும் நிலக்கரி போட வேண்டும். இரண்டு பகல் இரண்டு இரவு எரியும். சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாக நீலக் கண்ணாடியை வைத்து உள்ளே பார்ப்பான். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே இன்னும் எத்தனை மணி நேரம் என்று சொல்லுவான். அநேகமாகத் தப்பாது.

சூளைக் கொட்டகையில் முன்பு ஒரு ஸ்டூல் இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே அதை உடைத்து அடுப்பில் போட்டுவிட்டான். "உக்காந்தா கண்ணு சொக்கும்பா" என்றான். கம்பெனிச் சொத்தை எரித்ததற்கு மெமோ எழுதியவனும் நான்தான். அப்படிப்பட்டவனைத்தான் பிற்பாடு தூங்கினான் என்றார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்து என்ன பிரயோசனம்?

ஒரு தட்டு பிரியாணி

மாசி மகம் முடிந்து ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும். மணிமுத்தாற்று மணலில் திருவிழாக் கடைகளைப் பிரித்துப்போட்டிருந்தார்கள். மங்கலம்பேட்டையில் எங்களுக்கு வைக்கோல் அனுப்புகிற அன்வர் வீட்டில் அவன் தங்கைக்குக் கல்யாணம். கப்பு உடையாமல் கட்டுவதற்கு வண்டி வண்டியாக வைக்கோல் வாங்குவோம், அந்தப் பழக்கம். "ராத்திரிதான் நிக்காஹ். நீ வராம இருந்துடுவியா?" என்று அன்வர் கேட்டான். எனக்கோ அன்று ராத்திரி டியூட்டி.

போகாமல் இருந்திருக்கலாம். பிரியாணி என்றால் எனக்கு அந்தக் காலத்தில் புத்தி வேலை செய்யாது. மேசை விளக்கை எரியவிட்டு, ரிஜிஸ்தரைத் திறந்துவைத்து, பக்கத்தில் பாதி குடித்த டீ கிளாசையும் வைத்தேன். ஆள் இப்போதுதான் எழுந்து போனது போல இருக்க வேண்டுமல்லவா? பின்பக்க வேலிச் சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. அன்வர் அத்தா என்று கூப்பிடும் அவன் தகப்பனார் என் வலது புறங்கையில் அத்தர் தடவி அனுப்பினார்.

திரும்பி ஊரை நெருங்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். நிலவு இன்னும் கிளம்பவில்லை. டைனமோ விளக்கில் முன்னால் பத்தடி தெரியும், அதற்கப்பால் இருட்டு. இடது கைப் பக்கம் அடிவானத்தில் நெய்வேலி வெளிச்சம் லேசாகப் படர்ந்திருந்தது. அது தினம் இருப்பது, பழகிப்போனது. எதிரே நெல் மூட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் மூட்டைமேல் மல்லாந்து தூங்க, மாடுகள் பாட்டுக்கு நடந்துவந்தன.

அந்த மாடுகள் திடீரென்று நின்றன.

சாலை சிவந்தது. என் சைக்கிளின் நிழல் இடப்பக்கம் நீளமாக விழுந்தது. வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். நல்லூர்ப் பக்கத்து வானத்தில் மூன்று வெளிச்சங்கள். நட்சத்திரமில்லை. பெரிது, காய்ச்சிய இரும்பின் சிவப்பு. நடுவில் ஒன்று பெரியது, இரண்டு பக்கமும் இரண்டு சிறியவை. மெதுவாகத் தெற்கே நகர்ந்தன. ஒரு இடத்தில் நின்றன. சத்தம் என்பதே இல்லை. என் மூச்சும் மாடு மூச்சு விடுவதும்தான் கேட்டது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு பீடி பிடிக்கிற நேரம் இருக்கலாம். முதலில் இடது பக்கம் இருந்தது அணைந்தது. பிறகு வலது. நடுவில் இருந்தது மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து, அதுவும் போயிற்று.

எனக்குப் பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மாடுகள் மறுபடி நடக்க ஆரம்பித்தன. வண்டிக்காரன் கடைசிவரை எழுந்திருக்கவில்லை, புண்ணியவான்.

சூளைக்காரன் செய்த தப்பு

அதே நேரத்தில் கொளஞ்சிக்கு நடந்ததை அவன் வாயால் பத்து தடவை கேட்டிருக்கிறேன்.

சூளை கடைசிச் சூட்டில் இருந்தது. கரி அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தவன், முற்றம் முழுக்கச் சிவந்திருப்பதைப் பார்த்தான். உங்களுக்கோ எனக்கோ என்றால் வானத்தைப் பார்த்திருப்போம். சூளைக்காரனுக்கு அப்படித் தோன்றாது. வெளியே சிவப்பாகத் தெரிந்தால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான், புகைபோக்கி நெருப்பைக் கக்குகிறது. சூடு மிஞ்சினால் அப்படி ஆவதுண்டு. பத்தடி தள்ளிக் கப்பு காயவைக்கிற கீற்றுக் கொட்டகை. ஒரு பொறி போதும்.

புகைபோக்கியின் கழுத்தில் ஒரு இரும்புத் தகடு இருக்கும், டேம்பர் என்போம். சங்கிலியைப் பிடித்துத் தொங்கி அதை முழுவதும் மூடிவிட்டான். மூடிவிட்டு ஓடிவந்து மேலே பார்த்தால் புகைபோக்கி கறுப்பாக நிற்கிறது, நெருப்பு வானத்தில் இருக்கிறது.

"கையில சங்கிலி வுட்ட தடத்தோட அப்படியே நின்னுட்டேம்பா. சாமி வந்தாக்கூட அப்படி நிக்க மாட்டேன்."

அவன் நின்ற நேரத்தில் போக வழியில்லாத புகை சூளைக்குள் திரும்பிக் கப்புகள்மேல் படிந்துவிட்டது. கடைசிச் சூட்டில் மேல்பூச்சு உருகிக்கொண்டிருக்கும். அப்போது புகை பட்டால் தீர்ந்தது, உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

நான் சந்து வழியாக வந்து சைக்கிளை நிறுத்தவும் அவன் டைம் ஆபீசுக்கு ஓடிவரவும் சரியாக இருந்தது. என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பாத்தியா? கிளார்க்கு, பாத்தியா?"

"எத?" என்றேன். "நான் உள்ளதானப்பா இருந்தேன்."

அவன் கையை உடனே விடவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு டேம்பர் ஞாபகம் வந்து திரும்பி ஓடினான்.

நானே எழுதிய விசாரணை

சூளை ஆறி, கதவுச் செங்கலைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முதல் கப்பை எடுத்தவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொருத்தன் கையில் கொடுத்தான். பால் வெள்ளையாக வந்திருக்க வேண்டியது, மழைமேகம் போலத் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. அடுக்கடுக்காக எல்லாமே அப்படித்தான்.

மேனேஜர் விசாரணை வைத்தார். குறிப்பெழுத நான்.

"தூங்கிட்டே. சூடு ஏறிப் போச்சு. முழிச்சு, பயந்து, டேம்பரை மூடிட்டே. அதானே?"

"இல்லீங்க சார். வெளிச்சம் வந்துதுங்க."

"எத்தனை வெளிச்சம்?" என்று அவர் கிண்டலாகக் கேட்டார்.

"மூணுங்க. நடுவுல இருந்தது பெருசு. அதுதாங்க கடைசியா அணைஞ்சுது."

அந்த வரியை இரண்டு தடவை எழுதிவிட்டு ஒன்றை அடித்தேன். அதுவரை நான் கண்டது பிரியாணி மயக்கமோ என்றுகூட என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கும் வழியில்லை.

மேனேஜர் கெட்டவரில்லை. அதையும் சொல்ல வேண்டும். "இதோ பாரு கொளஞ்சி, தூங்கிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. பத்து நாள் சஸ்பென்ஷனோட விட்டுடறேன். வெளிச்சம் கிளிச்சம்னா நாளைக்கு எல்லாரும் இதையே சொல்லுவாங்க. திங்கட்கிழமை வரைக்கும் டைம்" என்றார். அந்த லெட்டரையும் நானே எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா? நண்பன் என்ற உரிமையில் அவன் வீட்டுக்கே போய்ப் புத்தி சொன்னேன். "போட்டுக் குடுத்துடுப்பா. புள்ளைகுட்டிக்காரன். தூங்குனேன்னு சொன்னா என்னா கொறஞ்சிடப் போவுது?"

அஞ்சலைதான் பதில் சொன்னாள். "நானும் அதத்தாங்க சொன்னேன். கேக்க மாட்டேங்குது இந்த மனுசன். சூளைக்காரன் தூங்குனான்னு எழுதிக் குடுத்தா அப்புறம் எவன் என்ன நம்பிச் சூளையக் குடுப்பான்னு கேக்குது. அந்த வெளிச்சத்த இன்னும் ஒருத்தர் பாத்தேன்னு சொன்னா போதும். இவ்ளோ பெரிய ஊருல ஒருத்தருமா முழிச்சிருக்கல?"

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நெய்வேலி விளக்குதான் மேகத்தில் பட்டது என்றார் ஒருவர், அன்று மேகமே இல்லை. சீனாக்காரன் விமானம் என்றார் டீக்கடைக்காரர். ராக்கெட் என்றார்கள், கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். முக்கால்வாசிப் பேர் சாராயம் என்றார்கள். கொளஞ்சி சாராயத்தைத் தொட்டதில்லை.

நான் என் சித்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தேன் என்றால், எங்கிருந்து பார்த்தாய் என்பார்கள். மங்கலம்பேட்டை ரோட்டில் என்றால் டியூட்டி? வேலை போகும். பெண்வீட்டார் போவார்கள். நான் ஒன்றும் பெரிய அயோக்கியன் இல்லை ஐயா. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.

நாள் குறிக்காத பிராது

இனி வேப்பமரத்தடிக்கு வருகிறேன். அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கெடு.

நின்ற பேனாவை எப்படியோ ஓட்டி, அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். வாய் திறக்காதவனை வாய் திறக்க வை என்று, வாய் திறக்காதவன் கையாலேயே.

"யாரு மேல பிராதுன்னு ஒரு வரி போடணுமே" என்றேன்.

"அத வுட்டுடு. சாமிக்குத் தெரியும்."

"எத்தனை நாளைக்குள்ளன்னும் போடணும். மூணு நாளு, மூணு மாசம்னு..."

கொளஞ்சி அஞ்சலை மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தான். "நாளு போட வேணாம்பா. அவனுக்கு எப்ப முடியுதோ அப்ப சொல்லட்டும். அப்புறம் இன்னொண்ணும் எழுது. அவனுக்கோ அவன் வூட்டுக்கோ ஒரு கெடுதலும் வரக் கூடாது. சொன்னா போதும்."

எழுதினேன். தாளை மடித்து வாங்கியவன், என் வலது கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான், அஞ்சலைக்குக் கேட்காமல்.

"அன்னைக்கு உன் கையில நல்ல வாசனைப்பா. மங்கலம்பேட்டை அத்தரா?"

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன். அவன் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு தேங்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கட்டிவிட்டு வந்து, பொட்டுக்கடலையும் வெல்லமும் என் கையில் வைத்தான். மூன்று பேரும் ஒன்றாகத்தான் ஊருக்கு நடந்தோம். அந்த இரண்டு மைலில் ஒரு அடியிலாவது நான் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை அவன் கையெழுத்துப் போடவில்லை. வேலையை விட்டு நிறுத்திய கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் அதே கதிதான். சொல்லவில்லை. சித்திரையில் நான் நிரந்தரமானேன், வைகாசியில் கல்யாணம். கொளஞ்சி சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் அவனை 'லைட்டு' என்றுதான் கூப்பிட்டார்களாம்.

ஒரு இன்லேண்டு லெட்டர்

இந்தத் தொடரில் நான் எவ்வளவோ எழுதிவிட்டேன். பள்ளிக்கூடம், வெள்ளம், கல்யாணம், சம்பந்தி வீட்டு சாசர் வரை. எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத்தான் வந்திருக்கிறேன். போன மாதம் இதழ் முகவரிக்கு எனக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. குண்டு குண்டான எழுத்து.

"ஐயா, நான் கொளஞ்சி மகள் தேன்மொழி. அப்பாவுக்கு நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது. உங்கள் தொடரை வாரா வாரம் நான் வாசிப்பேன், அப்பா கேட்பார். சிரிப்பார். போன வாரம் உங்களை ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். கிளார்க்கு இன்னும் அந்த ராத்திரிக்கு வரலியா என்று கேட்கச் சொன்னார். எந்த ராத்திரி என்று எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும் என்றார்."

அன்று வேப்பமரத்தடியில் அஞ்சலையின் மடியில் தூங்கிய குழந்தை இவள்தான். ஒரு வாரம் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மனைவியிடம் சொன்னேன். பிரியாணிக்குப் போனதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். கேட்டுவிட்டு, "எழுதித் தொலைங்களேன், இன்னும் எத்தனை வருசம் தூக்கிக்கிட்டுத் திரிவீங்க" என்றாள்.

தேன்மொழி, இதற்கு மேல் இருப்பதை அப்பாவுக்குக் கொஞ்சம் சத்தமாக வாசித்துக் காட்டம்மா. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள். அவனை லைட்டு என்று கூப்பிட்டவர்கள் இருந்தால் ரொம்ப நல்லது.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, விருத்தாசலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் கிளார்க் எழுதிக்கொண்டது. மாசி மகம் கழிந்த ஒரு ராத்திரியில் நான் டியூட்டியில் இல்லை. மங்கலம்பேட்டை ரோட்டில் இருந்தேன். கொளஞ்சி தூங்கவில்லை. மூன்று வெளிச்சங்கள். இடது பக்கம் முதலில், வலது பக்கம் அடுத்தது. நடுவில் இருந்தது பெரியது, அதுதான் கடைசியாக அணைந்தது. நானும் பார்த்தேன்.